எடைக்குப் போன யு.பி.எஸ்.

யு.பி.எஸ்ஸை எடைக்குப் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.

போன வருடம் மே மாதம் அப்பா ரிட்டயர் ஆனார். பவர் ஹவுஸில் முப்பத்தைந்து வருட சர்வீஸ். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களோடேயே ஒட்டிக்கொண்டிருந்த நானும் என் வீட்டுக்காரர் மணிமாறனும் மகள் அருள்மொழியும் வடக்குத்துக்குக் குடிபோனோம். அங்கே என் மாமனார் கட்டிப் போட்டிருந்த வீடு சும்மா கிடந்தது.

சாமான் கட்டுகிற அன்று கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கரண்டு போனால் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் தாங்கிப் பிடிக்குமாம். போனால்தானே! பேட்டரியை மட்டும் அப்பா மூன்று தடவை மாற்றினார். வேலை என்று அது செய்தது ஒரே ஒரு முறை. தவழுகிற வயதில் அருள்மொழி பிளக்கைப் பிடுங்கியபோது கீ கீயென்று கத்தி வீட்டையே கூட்டியது. மற்றபடி வாராவாரம் அதன் மேல் படிகிற கரித்தூசியைத் துடைத்ததுதான் நான் கண்ட பலன். வாசலில் பழைய இரும்பு வாங்குகிற அம்மா வண்டியோடு நின்றாள். பெட்டி நல்ல கனம். இரண்டு பிளாஸ்டிக் குடம் கொடுத்தாள். அவளை ஏமாற்றிவிட்டதாக அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பவர் ஹவுஸ் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த ஜென்மங்களுக்கு இப்படி ஒரு கோளாறு உண்டு. கரண்டு போகும் என்பது எங்கள் மண்டையில் ஏறவே ஏறாது. மெழுகுவர்த்தி வாங்கினால் அது பிறந்தநாள் கேக்குக்காகத்தான் இருக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளிக் குடிபோகிறோமே, அங்கே எப்படியோ என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா அதை வாங்கியது 2009இல். மகளைவிட ஒரு வயது மூத்தது. அதே வருடம்தான் எனக்குக் கல்யாணம். அப்பா பெர்மனன்ட். நான் காதலித்தது காண்டிராக்ட். அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அப்பா பேசினார். பேசியதோடு விடாமல் மாப்பிள்ளைக்கு ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் காண்டிராக்டர் மாறுவார். ஆள் அதே ஆள்தான், நிற்கிற இடமும் அதே இடம்தான். பழைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு புது பாஸ் கொடுப்பார்கள். அதில் வேலைக்குச் சேர்ந்த தேதி புதிதாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பாஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அப்பா அதை ஸ்கேன் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார். "பேப்பர் கிழியும், நனையும். இதுல கெடந்தா பத்திரமா கெடக்கும் மாப்ளே" என்பார். ஏழு பாஸ், பதினான்கு வருடம். எட்டாவது பாஸ் இவர் கழுத்தில் தொங்கியது. இவர் பதினாறு வருடமாகச் சாம்பல் பிரிவில் வேலை பார்க்கிறார் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. பி.எஃப். கணக்கில் ஐந்து வருடம்தான் தெரிந்தது. மற்ற காண்டிராக்டர்கள் யார் பெயரில் கட்டினார்கள், கட்டினார்களா என்பதெல்லாம் அவர்களுக்கே வெளிச்சம். பென் டிரைவில் ஒரு காப்பி இருந்தது. அதை என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பாட்டு ஏற்றித் தரச் சொல்லிக் கொடுத்தோம். பாட்டு மட்டும் திரும்பி வந்தது.

இந்த ஆடியில்தான் அந்தப் பாஸ்களுக்கு வேளை வந்தது. யூனியனில் நல்லசாமி அண்ணன் ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களை முதலில் பெர்மனன்ட் ஆக்கச் சொல்லிக் கேட்கிற பட்டியல். ஆதாரத்தோடு ஆகஸ்ட் இருபதுக்குள் கொடுக்க வேண்டும். இவருக்கு வயது நாற்பது. இதை விட்டால் இன்னொரு பட்டியல் வருமா, வந்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பிரின்ட் போட எடுத்துப் போக வேண்டும் என்று அருள்மொழியிடம் புது பென் டிரைவ் கேட்டார். வெளியே காற்று பேயாக அடித்தது.

"ஏழும் இருக்குது திலகா. தோ பாரு, மொத பாஸ்ல மீசைகூட சரியா இல்ல" என்று சிரித்தார்.

நான் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் தெருமுனைப் புளியமரத்துக் கிளை கம்பி மேல் விழுந்தது. விளக்கு ஒரு முறை அணைந்து வந்தது. மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை வந்தபோது பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தது. மேசைக்கு அடியில் டப் என்று ஒரு சத்தம். கருகின நாற்றம் வந்தது. பென் டிரைவைச் செருகப் போன கையை இவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுப்பா" என்றாள் அருள்மொழி. ஆன் செய்தோம், எத்தனையோ தடவை செய்தோம்.

மறுநாள் மந்தாரக்குப்பத்தில் ஜெயப்பிரகாஷ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஜெயப்பிரகாஷ் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி சாம்பல் மேசையில் கொட்டியது.

"என்னாண்ணே, பவர் ஹவுஸையே உள்ள வச்சிருக்கீங்க" என்று சிரித்தான். அப்புறம் முகர்ந்து பார்த்தான், சிரிப்பு போய்விட்டது. "பவர் சப்ளை காலி. போர்டும் காலி. இந்தப் போர்டுக்கு இனிமே சாமான் வராது. யு.பி.எஸ். இல்லாமலா ஓட்டிகினு இருந்தீங்க?"

"இருந்துச்சுப்பா. வூடு மாத்தறப்ப எங்க போச்சுன்னு தெரியல" என்றார் இவர்.

நான் சுவரில் ஒட்டியிருந்த பிரின்டர் விளம்பரத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன். என் வாய்க்கு ஊரே பயப்படும். அன்றைக்கு அது திறக்கவில்லை.

ஜெயப்பிரகாஷ் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினான். உள்ளே டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தான்.

"அண்ணே, ஒளிக்காம சொல்றேன். ரெண்டு வழி இருக்கு. ஆபீஸ்ல ஓடின செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் ஒண்ணு வந்திருக்கு, நல்ல கண்டிஷன். இந்தப் பழசைக் குடுத்துட்டீங்கன்னா பன்னண்டாயிரத்துக்கு முடிச்சுத் தரேன். பாப்பா காலேஜ் போற வரைக்கும் தாங்கும். இன்னொண்ணு, இந்த டிஸ்க்கப் பாண்டிச்சேரிக்கு அனுப்பலாம். அங்க ஒருத்தர் டிஸ்க்கத் தொறந்து உள்ள இருக்கறத எடுப்பாரு. அவருக்கும் பன்னண்டாயிரம். கெடைக்கலன்னாலும் பணம் வராது. என்னைக் கேட்டா புதுசப் பாருங்கன்னுதான் சொல்வேன்."

என்னிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம். அதை எதற்காக எடுத்தேன் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். அருள்மொழி பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தாள். நான்தான் எடுக்கச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டரில் பாதி விஷயம் ஓடவில்லை என்று அவள் முனகிக்கொண்டிருந்ததால், தீபாவளிக்குள் மாற்றிவிடலாம் என்று வாக்கு கொடுத்திருந்தேன்.

வெளியே டீக்கடையில் நின்றோம். இவர்தான் முதலில் பேசினார்.

"புதுசே வாங்கிடு திலகா. போனது போச்சு. புள்ள படிக்கட்டும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாஸுக்காக இவர் அடம் பிடிப்பார், நான் சரி என்று தலையாட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்படிப் பெருந்தன்மையாகப் பேசினால் என் நெஞ்சு என்ன ஆவது?

"என்னங்க பேசுறீங்க? பதினாலு வருஷம் உள்ள கிடக்கு. அதை அப்படியே குப்பையில போடச் சொல்றீங்களா? அதெல்லாம் கிடைக்கும். பாண்டிச்சேரிக்கு அனுப்புங்க."

"அவனே நம்பிக்கையில்லாம பேசறான்."

"அவன் புதுசு விக்கறதுக்குப் பேசுறான். கிடைக்கும்னா கிடைக்கும். எனக்குத் தெரியும்."

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கிடைத்துவிட்டால் அந்த இரண்டு குடத்தின் கணக்கு தீர்ந்துவிடும், யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான் தெரியும். அவர் டீயைக் குடித்து முடிக்கிற வரை நான் விடவில்லை. கடைசியில், "செரி, ஒன் இஷ்டம்" என்றார்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். "ஏட்டி, அந்த யு.பி.எஸ். எங்க? அது இருக்கையில எப்படிப் போச்சு?"

"அதுவும் சேந்து போயிட்டுப்பா" என்றேன்.

"நல்ல பேட்டரியாச்சே, நான் போன வருசந்தான மாத்தினேன்" என்று அப்பா ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அருள்மொழியிடம் நான்தான் சொன்னேன். "பரவால்லம்மா, அப்பா பாஸ்தான் முக்கியம்" என்றாள். அவள் கத்தியிருந்தால் நானும் நாலு கத்திவிட்டு ஆறியிருப்பேன். மறுநாள் பார்த்தால், எதிலும் மாட்டாத பழைய கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு டைப் அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். நான் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் இவர் ஒரு மாதிரியாக இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும், "ஜெயப்பிரகாஷ் போன் பண்ணானா?" என்பார். பெர்மனன்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், அருள்மொழிக்கு அந்த ஸ்கூல் பஸ் சனியன் விட்டுப்போகும் என்றார் ஒரு நாள். இன்னொரு நாள் நல்லசாமி அண்ணனிடம் போய், "எல்லாம் வருது அண்ணே, எனக்கு ஒரு வரி வுட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். முதலில் போனது போச்சு என்று சொன்ன மனுஷன்தான் இது.

பதினாறாம் தேதி ஜெயப்பிரகாஷ் கூப்பிட்டான். மூன்று பேரும் போனோம். திரையில் வரிசையாகப் பெயர் ஓடியது. அருள்மொழி ஒன்றாம் வகுப்பில் பெயின்ட்டில் வரைந்த யானை முழுசாக இருந்தது. நாத்தனார் கல்யாணத்துப் பாட்டு நூற்றுப்பதினெட்டும் இருந்தன. அம்மா ஏற்றிவைத்திருந்த கந்த சஷ்டி கவசம் இருந்தது.

"பாஸு?" என்றார் இவர்.

ஜெயப்பிரகாஷ் தலையைச் சொறிந்தான். "அண்ணே, அந்த ஃபோல்டர் தொறந்திருக்கறப்பதான் அடி விழுந்திருக்கு. படம் வரல. லிஸ்ட்ல சின்னதா காட்டுமே, அந்தக் குட்டிப் படம் மட்டும் வேற எடத்துல பதிஞ்சு இருந்திருக்கு. அதான் வந்திருக்கு."

ஏழு படம். ஒவ்வொன்றும் தபால் தலை அளவு. ஏழிலும் இவர் முகம் இருந்தது. முதலாவதில் மீசை சரியாக முளைக்காத பையன். இரண்டாவதில் கன்னம் உப்பியிருந்தது, அருள்மொழி நடக்கத் தொடங்கின வருடம். ஐந்தாவதில் கண்ணாடி வந்துவிட்டது. ஏழாவதில் காதோரம் நரை. முகத்துக்குப் பக்கத்தில் பெயரும் நம்பரும் சேர்ந்த தேதியும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் நாலைந்து கோடு தெரிந்தது. பெரிதாக்கினால் கோடும் போய்க் கட்டம் கட்டமாக நின்றது.

"இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணு" என்றார் இவர்.

"பண்ணா ஒடையுதுண்ணே."

"கொஞ்சம் பண்ணேன்."

அவன் பண்ணிக் காட்டினான். அப்போது முகமும் போய்விட்டது.

அந்த ஏழு படத்தையும் கலரில் பிரின்ட் போட்டுக்கொண்டு யூனியன் ஆபீஸுக்குப் போனோம். நல்லசாமி அண்ணன் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மொகம் நல்லா தெரியுது மணி. ஒன்ன நான் இத்தனை வருஷமா பாத்துகினுதான இருக்கேன். ஆனா தேதி தெரியலியே. இத வச்சு நான் என்னா எழுதறது?"

"நீங்களே சாட்சி சொல்லுங்கண்ணே" என்றேன் நான்.

"என்னை மாதிரி நூறு பேரு சொல்லுவாங்கம்மா. காயிதம் கேக்கறாங்க. ஒருத்தருக்கு வுட்டா அத்தனை பேருக்கும் வுடணும்."

பி.எஃப். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு மணிமாறன் என்ற பெயருக்கு நேரே ஐந்து என்று எழுதினார். இவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள், இவர் வேலை கற்றுக்கொடுத்தவர்கள், அந்தப் பக்கத்தில் பதினொன்று, பன்னிரண்டு என்று நின்றார்கள். பத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு பக்கம் என்று சொல்லி அந்தப் பெயரை அடித்துவிட்டு நோட்டைப் பின்னால் புரட்டினார். இருபதாம் தேதி பட்டியல் முடிந்துபோயிற்று.

ஆகஸ்ட் முடிய காண்டிராக்டும் மாறியது. செப்டம்பர் முதல் தேதி இவர் எட்டாவது பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்பதாவதோடு வந்தார். நான் வாசலிலேயே அதை வாங்கி என் போனை எடுத்தேன்.

"ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கும் உங்களுக்கும் அனுப்பிடறேன். மூணு இடத்துல இருக்கட்டும். எட்டாவதும் எடுத்தீங்கதானே?"

"இல்ல" என்றார்.

"ஏன்?"

"எடுக்கத் தோணல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். இரும்புக்காரம்மா, எடை, இரண்டு குடம், அப்பாவிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும். சொல்லும்போது அழுதேன். எனக்கு அழவும் சரியாக வராது, நடுநடுவே அந்த இரும்புக்காரியைத் திட்டினேன்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"இந்த வூட்டுக்குக் குடி வந்த அன்னிக்கே தேடனேன். பொட்டியக் காணோம், ரெண்டு புதுக் குடம் இருந்துச்சு. இதுக்கு என்னா பெரிய புத்தி வேணும்?"

"அப்ப ஏன் என்னை ஒண்ணும் கேக்கல? அந்தக் கடையிலயாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே!"

"என்னான்னு கேக்கறது? நீ டவுன்ஷிப்ல பொறந்தவ, கரண்டு போவும்னு ஒனக்குத் தெரியாது. நான் இந்த ஊர்ல பொறந்தவன். சிம்னி வெளக்குல படிச்சவன். நான் ஒண்ணு வாங்கி வச்சிருக்கணும். பதினஞ்சு வருஷம் ஒங்க குவார்ட்டர்ஸ்ல இருந்ததுல எனக்கும் மறந்துபோச்சு."

உள்ளே அருள்மொழி கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"குடத்துக்காக எனக்குக் கோவம் இல்ல திலகா" என்றார் இவர். குரல் உயரவே இல்லை. "போனது போச்சுன்னு நான் அன்னிக்கு டீக்கடையிலயே வுட்டுட்டேன். மனசு ஒரு மாதிரி அடங்கிடுச்சு. நீதான் கெடைக்கும் கெடைக்கும்னு அவ்ளோ உறுதியா சொன்ன. ஏதோ தெரிஞ்சுதான் சொல்றியாக்கும்னு நானும் நம்பிட்டேன்."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த பாஸை வாங்கிச் சுவர் ஆணியில் மாட்டினார். அதில் முகம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த தேதி, ஒரு குறையும் இல்லாமல் தெளிவாக அச்சாகியிருந்தது: 01.09.2025.